நீலக் குப்பிக்கு ஒரு மாற்று

அவள் படியேறி உள்ளே வந்ததும் கடைக்காரர் மின்விசிறியைக் கூட்டி வைத்தார்.

கவனித்தாள். இப்படிப்பட்டவை அவள் கண்ணுக்குத் தப்புவதே இல்லை.

கருவாடு விற்கிறவள் இதற்கெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் பிழைப்பு ஓடாது. பையிலிருந்து காலிக் குப்பியை எடுத்து மேசைமேல் வைத்தாள். நீலக் கண்ணாடி, வெள்ளி மூடி.

இந்த சென்ட்டைக் கம்பெனிக்காரன் நிறுத்திவிட்டான். தூத்துக்குடியில் அவள் ஏறி இறங்காத கடை இல்லை. இதே மணத்தில் வெளிநாட்டுச் சரக்கு ஒன்று இருக்கிறதாம். விலையைக் கேட்டவள் வந்த வழியே திரும்பிவிட்டாள். இந்த அத்தர் கடையில் எந்த சென்ட்டைக் காட்டினாலும் அதே மாதிரி மலிவாகக் கலந்து தருவார்கள் என்று சந்தையில் சொன்னார்கள்.

குப்பியில் மிச்சம் ஒட்டிக்கொண்டிருந்ததை எல்லாம் காலையில் கழுத்திலும் கையிலும் பூசி வந்திருந்தாள். கடைக்காரருக்கு மாதிரி வேண்டுமே.

ஞாயிற்றுக்கிழமை தங்கை டெல்பினின் பிள்ளைக்கு ஞானஸ்நானம். அவள்தான் ஞானத்தாய்.

கோயிலில் எல்லார் முன்னாலும் பிள்ளையை ஏந்தி நிற்க வேண்டும். பக்கத்தில் டெல்பினின் மாமியார் நிற்பார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. நிச்சயதார்த்தத்தில் இவள் காபித் தட்டை நீட்டியபோது கைக்குட்டையை மூக்கில் வைத்தவர்.



கடைக்காரர் குப்பியின் மூடியை முகர்ந்தார். யோசித்தார். ஒரு காகிதச் சீட்டில் எதையோ தொட்டு நீட்டினார்.

மூக்கருகே கொண்டுபோனாள்.

ஒன்றும் இல்லை.

தங்கை கல்யாணத்துக்கு முந்தின வருடம் வந்த காய்ச்சலுக்குப் பிறகு, அவளுக்கு எதிலும் ஒன்றும் இல்லை. மல்லிகையும் ஒன்றுதான், நெத்திலியும் ஒன்றுதான். யாரிடமும் சொல்லவில்லை. மூக்கு செத்தவளிடம் எவள் நம்பிக் கருவாடு வாங்குவாள்? விரலால் அழுத்திப் பார்ப்பாள். நிறம் பார்ப்பாள். வாங்க வந்தவள் முகத்தைப் பார்ப்பாள். அதில் எல்லாம் தெரிந்துவிடும்.

தன் மேல் என்ன வாடை அடிக்கிறது என்பதுதான் தெரியாது. முன்பு கிறிஸ்துமஸுக்கு வாங்கிய குப்பி ஈஸ்டர் வரை வரும். காய்ச்சலுக்குப் பிறகு மாதம் தாண்டவில்லை.

கண்ணை மூடி, தலையை லேசாகச் சாய்த்தாள். அப்படிச் செய்தால் முகர்வது மாதிரியே இருக்கும்.

"இது இல்ல தம்பி."

இரண்டாவது சீட்டு.

"இதுவும் இல்ல."

மூன்றாவதற்கு ஆமாம் சொல்வது என்று படியேறும்போதே முடிவு செய்திருந்தாள். எடுத்ததுமே தலையாட்டினால் சந்தேகம் வரும்.

கடைக்காரர் திரும்பி அலமாரியில் எதையோ தேடினார். மேசைமேல் சீட்டு இருந்தது. எடுத்தாள். முகர்ந்தாள். குரலில் வேண்டிய மட்டும் சந்தோஷத்தைச் சேர்த்துக்கொண்டாள்.

"இதேதான் தம்பி! அப்படியே இருக்கு."

கடைக்காரர் கையில் மூன்றாவது குப்பியோடு திரும்பினார்.

அதன் மூடியை அவர் இன்னும் திறக்கவே இல்லை.

குப்பியைப் பார்த்தார். அவள் கையிலிருந்த வெறும் காகிதத்தைப் பார்த்தார்.

வெட்கத்தில் அவளுக்குக் காது சுட்டது. ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை எங்கேயும் ஓடிவிடாதே.

"மூக்கு போச்சு தம்பி. வெளிய சொல்லிராதீங்க."

சொல்லிவிட்டாள். இனி மிச்சத்தையும் கேட்டுவிட வேண்டியதுதான்.

"ஒண்ணே ஒண்ணு கேக்குதேன். எம்மேல கருவாடு ரொம்ப அடிக்கா?"

அவர் தயங்கினார். முகம் பார்த்தே பிழைப்பவளுக்கு, அவர் பொய் சொல்லப்போவதில்லை என்பது தெரிந்துவிட்டது.

"தப்பா நெனைக்காதீங்கக்கா. கருவாடு லேசாத்தான் இருக்கு. சோப்பு போட்டுக் குளிச்சாப் போயிரும். சென்ட்டுதான் தாங்க முடியல. நீங்க தெருமுனையில வரும்போதே எனக்குத் தலைய வலிச்சிட்டு."

தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

பேருந்தில் நகர்ந்து உட்கார்ந்தவர்கள். ஜன்னலைத் திறந்தவர்கள். அந்தக் கைக்குட்டை. ஒவ்வொன்றுக்கும் அவள் மறுநாள் இன்னும் கொஞ்சம் கூடப் பூசியே பதில் சொல்லியிருக்கிறாள்.

கடைக்காரர் குப்பிகளை ஒவ்வொன்றாக அலமாரியில் திருப்பி வைத்தார்.

*

ஞாயிற்றுக்கிழமை வெறும் சோப்போடு போனாள்.

சென்ட் இல்லாமல் வெளியே வந்தது, பாதி உடுத்திக்கொண்டு வந்தது போல் கூசியது. பிள்ளை தோளில் சாய்ந்து தூங்கியது. அதுவரைக்கும் அது ஒன்றுதான் அவள் பக்கம்.

பங்குச்சாமியார் பிள்ளையின் உச்சியில் வாசனைத் தைலம் பூசினார். சுற்றி நின்றவர்கள் மூச்சை இழுத்து விடுவது தெரிந்தது.

டெல்பினின் மாமியார் நெருங்கி வந்தார். பிள்ளையின் உச்சியில் மூக்கை வைக்கக் குனிந்தார். அவருடைய நரைத்த தலை இவள் கன்னத்தில் பட்டது.

இவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். கண்ணைத் திருப்பி அவர் முகத்தைப் பார்த்தாள். புருவத்தைப் பார்த்தாள். உதட்டைப் பார்த்தாள்.

எதுவும் சுருங்கவில்லை.

"என்ன வாசம்! இல்லம்மா?" என்றார் மாமியார்.

தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

"எனக்கு வாசம் தெரியாது அத்தை. காய்ச்சல்ல போயிட்டு. எப்படி இருக்கு, நீங்க சொல்லுங்க."

மாமியார் அவளை ஒரு கணம் பார்த்தார்.

பிறகு மறுபடியும் குனிந்தார், இந்த முறை மெதுவாக.