பச்சைத் தண்ணீர்

விடிகாலை வெளிச்சத்தில் ஏரி பாசி கரைத்த குழம்பாகக் கிடக்கிறது. அவள் பார்த்துப் பார்த்து வளர்த்த மீன்கள் வலைக்கூண்டுக்குள் வாயை மேலே தூக்கி, மூச்சுக்குத் தவித்து, ஒவ்வொன்றாக வெள்ளை வயிற்றைக் காட்டுகின்றன. தோணியில் குனிந்து அவற்றை அள்ளிக் கூடையில் போடுகிறாள், பாவம். மறுமுனையில் புருஷன் துடுப்போடு நிற்கிறான். கரைமேட்டுச் சோளக்காட்டுக்காரன், அவளுடைய அண்ணன், கரையில் நின்று பல் துலக்கிக்கொண்டே சிரிக்கிறான். "என்ன மாப்ளே, ஏரியிலயும் வெள்ளாமையா? என் சோளத்தைவிடப் பச்சையா இருக்கே." "எல்லாம் உன் யூரியாதான் மச்சான். பத்து நாளைக்கு முன்னால மூட்டை மூட்டையா வீசுன. மறுநாளே மழை கொட்டி மொத்தத்தையும் இங்க கொண்டாந்து சேர்த்துடுச்சு. அதைத் தின்னு பாசி மண்டி, மீனுக்கு மூச்சு விடக் காத்தில்ல." "தூறலுக்கு முன்னாடி போட்டாத்தானே உரம் கரையும்? இப்படிக் கொட்டும்னு யாரு கண்டா?" புருஷன் தண்ணீரில் காறித் துப்புகிறான். "மழை வருதுன்னு உனக்கு எந்தப் பாவி சொல்லித் தொலைச்சது?" அண்ணன் நிதானமாக வாயைக் கொப்பளித்துவிட்டு அவளைப் பார்த்துக் கண் சிமிட்டுகிறான். "சொல்லட்டுமா, தங்கச்சி?" ரேடியோவில் கேட்ட கையோடு மேட்டுக்கு ஓடி, 'அண்ணே, நாளைக்குத் தூறலாம், உரத்தைப் போட்டுடு' என்று சொன்ன வாயை அவள் இறுக மூடிக்கொள்கிறாள். அவள் கையிலிருக்கும் மீனின் வாய் மட்டும் திறந்து திறந்து மூடுகிறது.