கடைசி வயலுக்குத் தண்ணீர்

"நாளைக்கு கோர்ட்டுக்கு நான் வரலை மேடம். எனக்குத் தண்ணி முறை."

அம்சம் வரப்பில் நின்றபடியே சொன்னாள். வாய்க்காலின் கடைசி வயல் அவளுடையது. குத்தகை நிலம். பயிர் வெளுத்துச் சுருண்டிருந்தது. அதன்மேல் கானல் நெளிந்தது, தண்ணீரைப் போலவே.

குந்தவை செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவளருகே போனாள். பாதிக்கப்பட்டவர்களுக்கும் சாட்சிகளுக்கும் துணை நிற்கும் மையத்துக்கு அவள்தான் பொறுப்பு. கார், தனி அறை, கூட இருக்க ஆள், எல்லாம் ஏற்பாடு செய்திருந்தாள். தண்ணீர் முறையை யோசிக்கவில்லை.

"வேற யாராவது மடையைப் பார்த்துக்க மாட்டாங்களா?"

"பெரிய வீட்டுக்கு எதிரா சாட்சி சொல்றவ வயலுக்கா? நல்லா கேட்டீங்க போங்க. நான் அந்தாண்ட நகர்ந்தா மேல்வயல்காரன் தண்ணியைத் திருப்பிடுவான். அடுத்த முறைக்குள்ள பயிர் கருகிடும்."

பெரிய வீட்டு நாகநாதன் தன் மனைவி பிரகதீஸ்வரியை உலக்கையால் அடித்துக் கையை முறித்ததை, கொல்லையில் புல் அறுத்துக்கொண்டிருந்த அம்சம் ஒருத்திதான் பார்த்தாள். அடிபட்டவளோ போன வாரம் கூண்டில் ஏறி, எழாத அந்தக் கையைத் தொங்கவிட்டபடி, "படியில தவறி விழுந்தேன்" என்று சொல்லிவிட்டாள். இறங்கி வந்தவளைக் குந்தவை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவளுக்காக எவ்வளவு அலைந்திருக்கிறாள்!

"அந்தம்மாவே இல்லைன்னுட்டாங்க. எனக்கென்ன மேடம் வந்துச்சு?"

குந்தவை செருப்பை மாட்டிக்கொண்டு காருக்குத் திரும்பினாள்.

சாயங்காலம் அவள் போன் அடித்தது. தெரியாத நம்பர். மிக்ஸி இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் கிசுகிசுத்தது. ஆற்றுக்கு அடியிலிருந்து பேசுவது போலிருந்தது.

"அம்சத்தைக் கூட்டிட்டுப் போங்க. தண்ணியை நான் பார்த்துக்கறேன்."

"நீங்க யாருங்க?"

மிக்ஸி நின்றது. போனும் நின்றது.

மறுநாள் காரில் ஏறும்போது அம்சம் கேட்டாள். "வயலுக்கு ஆள் யாரு?"

"நம்ம ஆளுதான்" என்றாள் குந்தவை. பொய்யோ நிஜமோ, அவளுக்கே தெரியாது.

கோர்ட்டில் நாகநாதன் முறைத்தான். அவன் வக்கீல் குடைந்தார்.

"புல் அறுக்கறவ கண்ணு புல்லுலதானே இருக்கும்?"

"அலறல் கேட்டும் நிமிராம மேய நான் என்ன ஆடாங்கய்யா?"

பார்த்ததைப் பார்த்தபடி சொல்லிவிட்டு இறங்கினாள் அம்சம்.

திரும்பும் வழியில் பாபநாசம் தாண்டியதும் வெயில் சாய்ந்தது. ஜன்னலுக்கு வெளியே பச்சை ஓடிக்கொண்டே இருந்தது. கொக்குகள் மட்டும் நின்ற இடத்திலேயே மிதந்தன. குந்தவை கண்ணை மூடினால் வெடித்த மண் தெரிந்தது.

கார் நின்றது. அவள் பயந்து பயந்து பார்த்தாள்.

வானம் தரையில் கிடந்தது. கடைசி வயல் நிறைய மேகங்கள். காற்றில் ஒரு பயிர் அசைய, ஒரு மேகம் கலைந்து மறுபடி கூடியது.

"மேடம், தண்ணி!" அம்சம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரப்பில் ஓடினாள். குந்தவையும் பின்னால் ஓடினாள்.

மடையருகே முக்காடு போட்ட ஒருத்தி முழங்கால் சேற்றில் நின்று மண்ணை வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்கேருந்து பிடிச்சீங்க இந்த ஆளை? மம்பட்டி பிடிக்கவே தெரியலை. இடது கையால போட்டுக் கொத்துது!" அம்சம் சிரித்தாள்.

காற்றில் முக்காடு நழுவியது. அதைப் பிடிக்கத் தூக்கிய பிரகதீஸ்வரியின் வலது கை பாதியிலேயே நின்றுவிட்டது.