வழுக்கி விழுந்தவர்கள்

இடது முன்கை. சுண்டுவிரல் பக்கத்து எலும்பு மட்டும் நட்டநடுவில் குறுக்கே முறிந்திருந்தது.

படத்தைப் பார்த்தபடியே அவள் பதிவேட்டைத் திறந்தாள்.

எக்ஸ்ரே அறையில் அவளுக்கு இது இருபத்தாறாவது வருஷம். பதிவேடு அத்தனையும் அவள் கையெழுத்து.

புதிதாக வந்த டாக்டர் அவற்றையெல்லாம் ஒரு மாதமாக உட்கார்ந்து எண்ணி முடித்திருந்தார். வருஷவாரியாக ஏறி இறங்கும் கோடுகள் வரைந்த தாளோடு உள்ளே வந்தார்.

"பாத்தீங்களாக்கா? பனையில இருந்து விழுந்தவங்க கொறஞ்சே போயிட்டாங்க. பைக் கேஸ் எகிறிருச்சு. வயசானவங்களுக்கு இடுப்பு. இந்த ஒரு கோடு மட்டும் அசைய மாட்டேங்குது. பொம்பளைங்க, இடது கை, வழுக்கி விழுந்தது. உங்க ஊரு குளியலறைக்கெல்லாம் சொரசொரன்னு சிமென்ட் போடச் சொல்லி எழுதப்போறேன்."

சிரித்தார். நல்ல பிள்ளைதான். பழைய படங்கள் ஒன்றும் மிச்சமில்லை, எழுத்தைத்தான் எண்ணினார்.

வழுக்கி விழுகிறவள் உள்ளங்கையை ஊன்றுவாள். மணிக்கட்டுதான் போகும்.

இது அப்படி இல்லை.

அடி என்று எழுதினால் போலீசுக்குத் தகவல் போகும். அதற்குப் பயந்து ஒவ்வொருத்தியும் கெஞ்சுவாள். பாவம் பார்த்து இவளும் வழுக்கி விழுந்தது என்றே எழுதிவிடுவாள்.

செல்வக்கனி என்ற ஒருத்திக்கு மட்டுமே நான்கு தடவை அப்படி எழுதினாள்.

ஐந்தாவது தடவை செல்வக்கனியை இந்த அறைக்குக் கொண்டுவரவில்லை. நேரே பிணவறைக்குக் கொண்டுபோனார்கள்.

எக்ஸ்ரே மேசையில் முறிந்த கையோடு படுத்திருந்த பெண் தலையைத் தூக்கிக் கதவைப் பார்த்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் புருஷன்.

"வழுக்கிட்டேன்னு எழுதிருங்கக்கா. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

பேனா நகரவில்லை.

"என்னக்கா, எழுதலையா?" என்றார் டாக்டர்.

அவள் எழுந்து மேசையருகே போனாள். டாக்டரிடம் வாயால் சொல்லிவிடத்தான் நினைத்தாள். வரவில்லை. இருபத்தாறு வருஷம் அடைத்து வைத்த வாய்.

சட்டென்று கையை ஓங்கினாள்.

படுத்திருந்தவளின் நல்ல கை, சுண்டுவிரல் பக்கம் முன்னால் தெரிய, முகத்துக்குக் குறுக்கே பாய்ந்து வந்து நின்றது.

டாக்டர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்தார்.



ஓங்கிய கையை எப்படி இறக்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை.