காயட்டும் என்று வைத்த சேறு

தெருவோர மழைநீர்க் கால்வாயின் சேற்றில் ஒரு தவளையும் ஒரு கெளுத்தி மீனும் குடியிருந்தன. மழைக்காலத்துக்கு முன் ஆட்கள் வந்து சேற்றை வாரி, கரையிலேயே குவித்தார்கள்.

"இதை எப்போ எடுத்துட்டுப் போவீங்க?" என்று கேட்டாள் எதிர்வீட்டு வேதவல்லி.

"காயட்டும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

"நம்ம வீடு போச்சே!" என்று அழுதது தவளை.

"பொறு, திரும்பி வரும். வருஷா வருஷம் வருதே" என்றது கெளுத்தி.

முதல் மழையிலேயே குவியல் கரைந்து கால்வாயை அடைத்தது. போக வழியில்லாமல் வெள்ளம் வீடுகளுக்குள் ஏறியது. வேதவல்லி குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்றாள்.

அவள் வாசல்வரை நீந்தி வந்த தவளை கைகூப்பியது.

"நம்ம வீட்டைத் திருப்பிக் கொடுக்க, தங்களோட வீட்டையே விட்டுட்டாங்களே! இவங்க மனுஷங்களா, தெய்வங்களா?"