கம்பி வைத்த மாலை

கைவினைக் கண்காட்சிப் பந்தலின் தகரக் கூரை வெயிலில் நெட்டி முறிக்கிறது. ஒவ்வொரு சத்தத்துக்கும் யாராவது திடுக்கிட்டு மேலே பார்க்கிறார்கள். மே மாதம் இதே ஸ்ரீபெரும்புதூரில் மாலையோடு கூட்டத்துக்குள் வந்த ஒருத்தி குண்டாக வெடித்து இன்னும் ஆறு மாதம் ஆகவில்லை. இப்போது பங்கஜத்தின் கையிலும் ஒரு மாலை. அவளும் புருஷன் பொன்னுரங்கமும் சேர்ந்து கட்டிய வெட்டிவேர் மாலை. திறந்துவைக்க வந்திருக்கும் அதிகாரிக்குப் போடச் சொல்லி, கடை போட்டவர்களில் அவளைத்தான் பிடித்து நிறுத்தியிருக்கிறார்கள். பெண் போலீஸ் மெட்டல் டிடெக்டரை அதன்மேல் மெல்ல நகர்த்துகிறாள். அடியில் தொங்கும் பதக்கத்தருகே அது கீச்சென்று கத்துகிறது. நாதஸ்வரம் பாதியில் நின்றுபோகிறது. முன்வரிசை நாற்காலிகள் தரையைப் பிறாண்டிக்கொண்டு பின்னால் போகின்றன. "உள்ள இன்னா வெச்சிக்கீற?" என்கிறாள் போலீஸ். பங்கஜம் பதக்கத்தைத் திருப்பிக் காட்டுகிறாள். "கம்பிம்மா. பதக்கம் துவண்டு போவாம நிக்கணும்னு எப்பவும் வெச்சிதான் கட்டுவோம்." போலீஸ் இரண்டடி தள்ளிப்போய் நிற்கிறாள். "அப்போ நீயே கழுத்துல போட்டுக் காட்டு." வெறும் கம்பிதான் என்று பங்கஜத்துக்குத் தெரியும். தெரிந்தும் கை மேலே எழ மாட்டேன் என்கிறது. கண்ணை இறுக மூடிக்கொண்டு போட்டுக்கொள்கிறாள். வேரின் வாசனை மூக்கில் ஏறுகிறது. கூரை மறுபடியும் நெட்டி முறிக்கிறது. ஒன்றும் ஆகவில்லை. கண்ணைத் திறந்து பொன்னுரங்கத்தைத் தேடுகிறாள். நேற்று அந்தக் கம்பியைத் தன் கையாலேயே வளைத்துக் கொடுத்தவன், கடைக் கம்பத்துக்குப் பின்னால் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு நிற்கிறான்.