தலையணையில் கிடந்த முடி

மனைவியின் மடியில் இருந்த நான்கு மாதக் குழந்தையைத் திருப்பி, அதன் பின்மண்டையைக் காட்டினார் அப்பா. ஒரு பிஸ்கட் அகலத்துக்கு வழுக்கை.

"கொத்துக் கொத்தா கொட்டுது டாக்டர். தலையணையெல்லாம் முடி."

குழந்தை மருத்துவர் சிரித்தார். "பொறந்தப்ப இருந்த முடி கொட்டத்தான் செய்யும். மல்லாக்கவே படுத்திருக்கான் வேற. ஒரு வயசுக்குள்ள தானா முளைச்சிடும்."

"தானாவா? எதுவுமே தடவ வேண்டாமா?"

"ஒண்ணும் வேண்டாம்."

"எல்லாக் குழந்தைக்கும் இப்படித்தானா டாக்டர்?"

"அநேகமா எல்லாக் குழந்தைக்கும்தான்."

அப்பா ஒன்று விடாமல் குறித்துக்கொண்டார். பிறகு அந்த வழுக்கையைச் செல்போனில் நான்கு கோணங்களில் படம் பிடித்தார்.

"வளர்ந்தப்புறம் ஒப்பிட்டுக் காட்டணும்ல?"

மருத்துவருக்கு மனம் குளிர்ந்துவிட்டது. "இவ்வளவு அக்கறையான அப்பாவை நான் பாத்ததே இல்லம்மா. நீங்க குடுத்து வச்சவங்க" என்றார் மனைவியிடம்.

வெளியே வந்ததும், அப்பா தன்னுடைய கூந்தல் தைலக் கம்பெனியின் மேனேஜருக்குப் போன் போட்டார்.

"படம் அனுப்பியிருக்கேன், பாரு. 'தடவுவதற்கு முன்'னு போட்டு வை. 'தடவிய பின்' படம் எட்டு மாசத்துல வந்துடும். ஆமாய்யா, குழந்தைகளுக்குன்னே தனித் தைலம் விடப்போறோம். கண்டிப்பா முளைக்கும்யா, டாக்டரே சொல்லிட்டார்!"

மனைவி மெல்லக் கேட்டாள்: "அப்ப இன்னிக்கே இவனுக்கு நம்ம தைலத்தைத் தடவ ஆரம்பிச்சிடவா?"

அவர் பதறிப்போய்க் குழந்தையின் தலையை இரு கைகளாலும் பொத்திக்கொண்டார்.

"பைத்தியமா உனக்கு? இது நாம பெத்த பிள்ளைடி!"