ஏரியில் குளித்தவள்

முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்த பிறகு டோரீன் காஸ்கேட் மலையில் மீண்டும் ஏறியது அந்த ஜூன் மாதம்தான். உச்சி ஏரியில் ஒரு முங்கு போடாமல் இறங்குவதில்லை என்று பிடிவாதமாக இருந்தாள். தங்கை லைலா வழிநெடுகக் கிண்டலடித்துக்கொண்டே வந்தாள்.

"அக்கா, உன்னைத் தூக்கிட்டு இறங்க என்னால ஆகாது, இப்பவே சொல்லிட்டேன்."

"முதல்ல நீ மூச்சு வாங்காம ஏறுடி."

கடைசி வளைவில், காலணிகளைக் கையில் பிடித்தபடி ஒரு பெண் எதிரே இறங்கி வந்தாள். கூந்தலிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"தண்ணி எப்படிங்க இருக்கு?" என்று டோரீன் ஆவலாகக் கேட்டாள்.

"அருமைங்க! யோசிக்காம இறங்குங்க," என்று சிரித்துவிட்டு அவள் போய்விட்டாள்.

மேட்டில் ஏறிப் பார்த்தால் ஏரி முழுவதும் உறைந்து கிடந்தது. எங்கும் ஒரு விரிசல்கூட இல்லை. ஏரியின் நடுவில் தொடங்கிய வெறுங்கால் தடங்கள் ஈரமாகக் கரைவரை வந்திருந்தன.

"திரும்பிடலாம்க்கா," என்றாள் லைலா. குரலில் கிண்டல் இல்லை.

டோரீனுக்கு ஏனோ சிரிப்புத்தான் வந்தது. பூட்ஸைக் கழற்றிவிட்டு, கரையை ஒட்டிய தடத்தில் பாதத்தை வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது.

"நீயும் வாடி!" என்று தங்கையைக் கூப்பிட்டபடியே அடுத்த தடத்துக்குக் காலை நீட்டினாள்.